கரீபியன் பாறை முகங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு வட்டம். அதற்குள் மூன்று குழி. மேலே இரண்டு கண், கீழே ஒரு வாய். கரீபியன் தீவுகளின் ஆற்றுப் பாறைகளிலும் குகை வாசல்களிலும் இந்த முகத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்கலாம். கொலம்பஸ் கப்பல் வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அங்கே வாழ்ந்த அமெரிந்திய மக்கள், அதாவது அமெரிக்கப் பழங்குடிகள், செதுக்கியவை இவை. இவற்றைப் பற்றி என்னிடம் அடிக்கடி வரும் கேள்விகளை இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். எல்லாப் பதில்களிலும் ஒரு விஷயத்தைத்தான் விடாமல் சொல்வேன்: உருவத்தை மட்டும் பார்த்தால் போதாது, அது எந்த இடத்தில் இருக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பாறை ஓவியமும் பாறைச் செதுக்கலும் ஒன்றா?

இல்லை. கரியாலோ காவியாலோ வரைந்தால் ஓவியம். கல்லைக் கொத்தியோ தேய்த்தோ உருவம் எடுத்தால் செதுக்கல், அதாவது பெட்ரோகிளிஃப். கரீபியனில் இரண்டும் உண்டு. கியூபா, டொமினிக்கன் குடியரசுக் குகைகளில் ஓவியங்கள் நிறைய. சிறிய தீவுகளில் பெரும்பாலும் செதுக்கல்கள்தான்.

யார் செதுக்கினார்கள்?

கரீபியனில் மனிதக் குடியேற்றம் மிகப் பழையது. டிரினிடாட் தீவில் சுமார் 7,000 ஆண்டுகளுக்கு முன்பே ஆட்கள் இருந்தார்கள். அப்புறம், கி.மு. 500-ஐ ஒட்டி, தென் அமெரிக்காவின் ஓரினோகோ ஆற்றுப் பக்கத்திலிருந்து வேறொரு மக்கள் கூட்டம் படகேறித் தீவு தீவாக வடக்கே பரவியது. மரவள்ளி பயிரிட்டார்கள், அழகான மண்பாண்டம் செய்தார்கள், அரவாக் குடும்ப மொழி பேசினார்கள். செதுக்கல்களில் பெரும்பாலானவை இவர்களும் இவர்களுடைய வழித்தோன்றல்களும் விட்டுச்சென்றவை என்றே ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

ஐரோப்பியர் வந்தபோது போர்ட்டோ ரிக்கோ, ஹிஸ்பானியோலா (இன்றைய ஹெய்ட்டியும் டொமினிக்கன் குடியரசும் இருக்கும் தீவு) போன்ற பெரிய தீவுகளில் இருந்தவர்களை இன்று தைனோ என்கிறோம். தெற்கே சிறிய தீவுகளில் இருந்தவர்கள் கலினாகோ. பழைய புத்தகங்களில் இவர்களைத்தான் 'கரீப்' என்று எழுதியிருப்பார்கள். கடலின் பெயரே அதிலிருந்து வந்ததுதான்.

எந்தெந்தத் தீவுகளில் பார்க்கலாம்?

முழுப் பட்டியல் போட்டால் பக்கம் போதாது. போர்ட்டோ ரிக்கோவில் உட்டுவாடோ பக்கம் காகுவானா, ஹயூயாவில் ஆற்றின் நடுவே கிடக்கும் 'பியெத்ரா எஸ்கிரித்தா' என்ற பெரும்பாறை. அமெரிக்க விர்ஜின் தீவுகளில் செயின்ட் ஜான். குவாதலூப்பில் த்ருவா-ரிவியேர். செயின்ட் வின்சென்ட்டில் லாயூ. கிரெனடாவில் ஓடைக்குள் கிடக்கும் மவுண்ட் ரிச் பாறை. செயின்ட் கிட்ஸில் விங்ஃபீல்டு பகுதி. அங்குவிலாவில் ஃபவுண்டன் குகை: தரையிலிருந்து வளர்ந்து நிற்கும் சுண்ணாம்புத் தூணிலேயே ஒரு தலையைச் செதுக்கியிருக்கிறார்கள். டிரினிடாட்டில் தெரிந்தது ஒன்றே ஒன்று, வடக்கு மலைத்தொடரில் இருக்கும் கவுரிட்டா கல்.

ஏன் இத்தனை செதுக்கல்கள் தண்ணீர் ஓரமாகவே இருக்கின்றன?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. மேலே சொன்ன இடங்களை மறுபடி பாருங்கள். பெரும்பாலும் ஆறு, ஓடை, ஊற்று, குகைச் சுனை. எங்கோ உயரத்தில் வெயில் காயும் மொட்டைப் பாறையைத் தேடிப் போய்ச் செதுக்கவில்லை. நல்ல தண்ணீர் கிடைக்கும் இடத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள்.

சிறிய தீவில் நல்ல தண்ணீர் என்றால் உயிர். சுற்றிலும் கடல் இருக்கும், குடிக்க முடியாது. மழை இல்லாத மாதங்களில் பல ஓடைகள் வற்றிவிடும். வற்றாத மடு ஒன்று இருந்தால் ஊரே அங்கே வரும். அப்படிப்பட்ட இடத்தில் முகங்கள் இருந்தால், அது தண்ணீரைக் காக்கிற முன்னோரின் முகமாகவோ மழையைத் தருகிற சக்தியின் முகமாகவோ இருக்கலாம் என்று எண்ணுவதற்கு நியாயம் இருக்கிறது.

செயின்ட் ஜான் தீவின் ரீஃப் பே பள்ளத்தாக்கில் இதைக் கண்ணாலேயே காணலாம். அருவி விழுந்து தேங்கும் ஒரு மடு. அதன் ஓரப் பாறையில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, முகங்களும் சுருள்களும் செதுக்கப்பட்டிருக்கின்றன. தண்ணீர் அசையாமல் இருக்கும் நேரத்தில் அதே முகம் கீழேயும் தெரியும். மேலே ஒன்று, நீருக்குள் தலைகீழாக ஒன்று. ஒரு தட்டான் வந்து நீரைத் தொட்டால் போதும், கீழே இருக்கிற முகம் கலைந்து மெல்ல மறுபடி கூடும். செதுக்கியவர்கள் இந்தப் பிம்பத்தையும் மனதில் வைத்துத்தான் அந்த உயரத்தைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று நினைக்கிறேன். ஒளிப்படத்தில் பாறையை மட்டும் வெட்டி எடுத்துப் பார்க்கிறவர்களுக்கு இந்தப் பாதி கிடைக்காது.

காகுவானாவில் இருக்கும் 'தவளைப் பெண்' யார்?

போர்ட்டோ ரிக்கோவின் நடு மலைப்பகுதியில், தானாமா ஆற்றங்கரையில் இருக்கிறது காகுவானா. கல் வரிசைகள் எல்லை கட்டிய பல திடல்கள் அங்கே உண்டு. இத்திடல்களுக்குத் தைனோ பெயர் படேய். அங்கே கூடிப் பாடி ஆடுவார்கள். அந்த ஆட்டப்பாட்டத்துக்கு அரேய்தோ என்று பெயர். ரப்பர் பந்து விளையாட்டும் அங்கேதான். அதுவரை ரப்பரையே பார்த்திராத ஸ்பானியர்கள், பந்து எகிறிக் குதித்ததைக் கண்டு வியந்து எழுதி வைத்திருக்கிறார்கள். ஜே. ஆல்டன் மேசன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1915-ல் இந்த இடத்தை அகழ்ந்தார்.

முதன்மைத் திடலின் ஓரத்தில் நட்டுவைத்த பலகைக் கற்களில் ஒன்றில் அவள் இருக்கிறாள். இரு காதிலும் பெரிய வட்டத் தோடுகள், தலையில் அணி, முழங்கால்கள் இருபுறமும் மடங்கி விரிந்து, பாய்வதற்கு உட்கார்ந்த தவளையைப் போல. பிள்ளை பெறும் தோற்றம் என்றும் சொல்கிறார்கள். தைனோ தாய்த் தெய்வமான அட்டபே இவள்தான் என்று பலர் எழுதுகிறார்கள். ஒன்று நினைவில் இருக்கட்டும்: அந்தப் பெயர் கல்லில் இல்லை. பழைய எழுத்துப் பதிவுகளில் வரும் தெய்வப் பெயரை இந்த உருவத்தோடு இணைத்தவர்கள் பின்னால் வந்தவர்கள். பொருத்தமான ஊகம், ஆனாலும் ஊகம்தான்.

தவளை ஏன் என்று கேட்டால், போர்ட்டோ ரிக்கோவில் ஓர் இரவு தங்கினாலே புரியும். கோக்கி என்ற சின்னஞ்சிறு தவளை, இருட்டியதும் தன் பெயரையே சொல்லிக் கத்தும். மழை பெய்த இரவில் அந்தச் சத்தம் காதை நிறைக்கும். தவளை, மழை, விளைச்சல், பிறப்பு எல்லாம் ஒரே கயிற்றில் கோத்த விஷயங்கள்.

எழுத்தே இல்லாத மக்களின் நம்பிக்கைகள் நமக்கு எப்படித் தெரியும்?

பெரும்பகுதி ஒரே ஒரு மனிதர் வழியாகத் தெரியும். ராமோன் பானே என்ற துறவி, கொலம்பஸின் இரண்டாம் பயணத்தோடு வந்தவர். ஹிஸ்பானியோலாத் தீவில் தைனோக்களோடு தங்கி, அவர்களுடைய மொழியைக் கற்று, கேட்டதையெல்லாம் 1498 வாக்கில் எழுதி முடித்தார். அவர் எழுதிய மூலப் பிரதி தொலைந்துவிட்டது. கொலம்பஸின் மகன் எழுதிய வரலாற்றுக்குள் அது சேர்க்கப்பட்டிருந்ததால், 1571-ல் வெளிவந்த இத்தாலிய மொழிபெயர்ப்பு வழியாக நமக்குக் கிடைத்தது. ஒரு மக்களின் கதைகள் இவ்வளவு மெல்லிய நூலில் தொங்கிக்கொண்டு வந்திருக்கின்றன என்பதை நினைத்தால் நெஞ்சு பதறுகிறது.

அவர் எழுதியதில் சிலவற்றைச் சொல்கிறேன். மனிதர்கள் ஒரு குகையிலிருந்துதான் வெளியே வந்தார்கள். அந்தக் குகைக்குக் காவல் இருந்தவன் மாகோகாயெல். ஒரு நாள் வாசலுக்குத் திரும்பத் தாமதமாகிவிட்டது, சூரியன் பிடித்துக்கொண்டது, கல்லாகிப் போனான். மீன் பிடிக்கப் போய் விடியலில் மாட்டிக்கொண்ட வேறு சிலர் மரமானார்கள். தாயைப் பிரிந்து ஓடைக்கரையில் பசித்து அழுத குழந்தைகள் தவளை போன்ற சிறு உயிர்களாக மாறின. இவற்றைப் படித்த பிறகு குகை வாசலில் இருக்கும் கல் முகத்தையும் ஓடையோரத் தவளை உருவத்தையும் பாருங்கள். வெறும் அலங்காரமாகத் தெரியாது.

இன்னொன்று, இறந்தவர்களைப் பற்றியது. அவர்கள் பகலில் ஒளிந்திருந்து இரவில் உலவுவார்கள், கொய்யாப்பழம் தின்பார்கள். எதிரே வருகிற ஆள் உயிருள்ளவரா என்று சந்தேகம் வந்தால் வயிற்றைத் தடவிப் பார்க்க வேண்டும். தொப்புள் இல்லையென்றால் இறந்தவர். தைனோ உருவங்கள் பலவற்றில் தொப்புளை ஏன் அவ்வளவு அக்கறையாகக் காட்டுகிறார்கள் என்பதற்கு இது ஒரு விளக்கம். நம் 'கொய்யா' என்ற சொல்லும் அந்தத் தீவுக்காரர்களின் 'குவாயாபா'விலிருந்து போர்ச்சுகீசியர் வழியாக நம்மிடம் வந்ததுதான்.

இரும்பு இல்லாமல் எப்படிச் செதுக்கினார்கள்?

கல்லால் கல்லை. செதுக்க வேண்டிய பாறையைவிடக் கடினமான கல் ஒன்றைக் கையில் எடுத்து, கோடு போகும் வழியில் சிறு சிறு புள்ளிகளாகக் கொத்திக்கொண்டே போவது முதல் வேலை. புள்ளிகள் சேர்ந்து பள்ளமாகும். அப்புறம் ஈர மணல் போட்டு, கல்லால் முன்னும் பின்னும் தேய்த்தால் பள்ளம் வழவழப்பாகும். அம்மி கொத்துகிறவரைப் பார்த்தவர்களுக்கு முதல் பாதி நன்றாகவே புரியும். அம்மி கொத்த உளி இருந்தது, இவர்களுக்கு அதுவும் கிடையாது. மணலும் தண்ணீரும் ஆற்றிலேயே இருந்ததும் வசதி. எரிமலைத் தீவுகளின் பாறைகள் கெட்டியானவை என்பதால் ஒரு முகம் எடுக்கவே பல நாள் பொறுமை வேண்டியிருக்கும்.

வயதை எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

இது சிக்கலான வேலை. செதுக்கலில் கரிமம் இல்லை, எனவே நேரடியாகக் கார்பன் முறையில் வயது பார்க்க முடியாது. பக்கத்து மண்ணடுக்கில் கிடக்கும் கரி, ஓடு, எலும்பு ஆகியவற்றின் வயதைப் பார்க்கிறார்கள். செதுக்கல் மண்ணுக்குள் மூடியிருந்தால் இன்னும் நல்லது: மூடிய மண்ணைவிடச் செதுக்கல் பழையது என்றாவது உறுதியாகச் சொல்லலாம். அதனால்தான் பெரும்பாலான இடங்களுக்கு 'கி.பி. 300 முதல் 600 வரை' என்பது போல நீண்ட காலவரம்பு சொல்கிறார்கள். காகுவானா திடல்கள் பின்னால் வந்தவை, கி.பி. 1200-ஐ ஒட்டித் தொடங்கியவை.

ஓவியங்களில் கரி மை இருந்தால் நிலைமை வேறு. போர்ட்டோ ரிக்கோக் குகை ஓவியங்களிலிருந்து துளி துளியாக எடுத்த கரியைச் சோதித்த ஆய்வு 2023-ல் வெளியானது. மிகப் பழையவை கி.மு. 700-க்கும் 400-க்கும் இடைப்பட்டவை என்று அதில் தெரிந்தது.

இது ஏதாவது எழுத்தா? யாராவது படித்திருக்கிறார்களா?

எழுத்து இல்லை. ஒரு மொழியின் ஒலியையோ சொல்லையோ வரிசையாகப் பதிவு செய்யும் முறை எதுவும் இவற்றில் இல்லை. ஆனாலும் 'படித்துவிட்டோம்' என்று அவ்வப்போது யாராவது கிளம்புவார்கள். ரீஃப் பே செதுக்கல் வட ஆப்பிரிக்க எழுத்து என்று 1970-களில் ஒரு பேச்சு பரவியது. தொல்லியலாளர்கள் அதை ஏற்கவில்லை. அதே வடிவங்கள் அந்த மக்களின் மண்பாண்டங்களிலும், சங்கிலும் எலும்பிலும் செய்த பொருட்களிலும் இருக்கின்றன. கண் முன்னே வாழ்ந்த மக்களின் கைவேலையை எடுத்துக் கடல் கடந்து வந்த வேறு யாருக்கோ கொடுப்பது எனக்கு வருத்தம் தரும் விஷயம். நிலத்தைப் பறித்தது போதாதா, கல்லில் விட்டுப்போனதையும் பறிக்க வேண்டுமா?

ஐரோப்பியர்கள் இவற்றைப் பார்த்து என்ன செய்தார்கள்?

மோனா என்று ஒரு சின்னத் தீவு, போர்ட்டோ ரிக்கோவுக்கும் டொமினிக்கன் குடியரசுக்கும் நடுவே. அதன் 30-க்கும் மேற்பட்ட குகைகளில் பழங்குடியினரின் உருவங்கள் இருக்கின்றன. பலவற்றைக் கல்லால் கொத்தவில்லை, விரலால் இழுத்திருக்கிறார்கள். அந்தக் குகைச் சுவரின் மேல்தோல் மாவு போல மென்மையானது. விரலை வைத்து இழுத்தால் மேல் அழுக்கு விலகி வெள்ளைக் கோடு தெரியும். நான்கு விரலும் ஒன்றாக இழுத்த கோடுகள் இன்றும் நேற்றுப் போட்டது போல இருக்கின்றன.

அதே குகை ஒன்றில், அதே சுவரில், 16-ஆம் நூற்றாண்டு ஐரோப்பியர்களும் கீறியிருக்கிறார்கள். சிலுவைகள், சில பெயர்கள், லத்தீனிலும் ஸ்பானிய மொழியிலும் வாசகங்கள். ஒரு வாசகத்தின் பொருள்: 'கடவுள் உன்னை மன்னிக்கட்டும்'. இன்னொன்று, 'கடவுள் பலவற்றைப் படைத்தார்'. இருட்டுக்குள் தீப்பந்தத்தோடு போய், அந்நியத் தெய்வங்களின் நடுவே நின்ற அந்த ஆட்கள் பழைய உருவங்களை அழித்துவிட்டுப் போகவில்லை, பக்கத்தில் தங்களுடையதை எழுதினார்கள். 2016-ல் இந்த ஆய்வு வெளியானபோது, முதல் சந்திப்பு என்றாலே வாளும் தீயும்தான் என்ற என் எண்ணம் கொஞ்சம் அசைந்தது. வாளும் தீயும் இருந்தன என்பது உண்மைதான். இதுவும் இருந்தது.

அந்த மக்கள் அடியோடு அழிந்துவிட்டார்களா?

பள்ளிப் புத்தகங்கள் அப்படித்தான் சொல்லி வந்தன. கட்டாய உழைப்பு, பஞ்சம், 1518-ல் பரவிய பெரியம்மை ஆகியவற்றால் தைனோக்கள் பெருந்தொகையாக மடிந்தது உண்மை. 'அடியோடு' என்பது உண்மையல்ல. இன்றைய போர்ட்டோ ரிக்கோ மக்களின் தாய்வழி மரபணுவைப் பார்த்தால் 60 சதவீதத்துக்கும் மேற்பட்டோரிடம் அமெரிந்திய வழி தெரிகிறது. டொமினிக்காவில் (டொமினிக்கன் குடியரசு அல்ல, இது வேறொரு சிறிய தீவு நாடு) 1903-ல் ஒதுக்கப்பட்ட சுமார் 3,700 ஏக்கர் கலினாகோ நிலம் இன்றும் அவர்கள் கையில் இருக்கிறது. கலினாகோ இனத்தைச் சேர்ந்த சில்வானி பர்ட்டன் 2023-ல் அந்நாட்டின் குடியரசுத் தலைவரானார். ஹரிகேன், கனூ, ஹேமக், பார்பெக்யூ என்று உலகம் தினமும் சொல்லும் சொற்கள் தைனோக்களிடமிருந்து வந்தவை.

தமிழர்களுக்கு இந்த இடங்களோடு ஏதாவது தொடர்பு உண்டா?

செதுக்கல்களோடு இல்லை. செதுக்கல் இருக்கும் ஊரோடு உண்டு. 1854-லிருந்து 1889 வரை குவாதலூப்பின் கரும்புத் தோட்டங்களுக்கு 40,000-க்கும் மேற்பட்ட இந்தியர்களை ஒப்பந்தக் கூலிகளாக ஏற்றிச் சென்றார்கள். பாண்டிச்சேரி, காரைக்காலில் கப்பலேறிய தமிழர்கள் அவர்களில் நிறையப் பேர். செதுக்கல் பாறைகள் இருக்கும் த்ருவா-ரிவியேருக்கு அடுத்த ஊரான கபஸ்தேர்-பெல்-ஓவில் அவர்களுடைய வழித்தோன்றல்களின் சாங்கி கோயில் வண்ணக் கோபுரத்தோடு நிற்கிறது. த்ருவா-ரிவியேரின் தொல்லியல் பூங்கா 1975-ல் திறந்தது. எரிமலை உருட்டிவிட்ட கற்களுக்கு நடுவே மரம் செடிகளின் நிழலில் 200-க்கும் மேற்பட்ட உருவங்கள். இரண்டையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம்.

இன்னும் புதிதாகக் கிடைக்கின்றனவா?

கிடைக்கின்றன. 1975-ல் எலோயிஸ் புயல் வெள்ளம் மண்ணை அரித்ததில் போர்ட்டோ ரிக்கோவின் போன்சே நகருக்கு அருகே டிபேஸ் திடல்கள் வெளிப்பட்டன. அதே வட்டாரத்தில் 2007-ல் அணைக்கட்டு வேலையின்போது செதுக்கல் கற்களோடு ஒரு படேய் கிடைத்தது. ஆய்வு முடிந்ததும் பாதுகாப்புக்காக அதை மறுபடி மண்ணால் மூடினார்கள். மான்செராட் தீவில் 2016-ல் மலையேறப் போனவர்கள் காட்டுக்குள் ஒரு பாறையில் செதுக்கல்களைக் கண்டார்கள்.

படத்தில் கோடு தெளிவாகத் தெரியச் சாக்பீஸால் தீட்டலாமா?

தயவுசெய்து வேண்டாம். ஒரு காலத்தில் ஆய்வாளர்களே செய்தார்கள், பழைய படங்களில் வெள்ளைக் கோடுகளாகத் தெரிவது அதுதான். சாக்பீஸ் கல்லின் நுண்துளைகளுக்குள் புகுந்துவிடும். அதைவிட மோசம், தீட்டுகிறவர் தான் கண்டதாக நினைத்த கோட்டைத் தீட்டுவார். அடுத்து வருகிறவர் அதை உண்மை என்று நம்புவார். பாசியைக் கம்பித் தூரிகையால் தேய்ப்பதும், மேலே ஏறி நிற்பதும் கூடாது. புயலும் கடலரிப்பும் செய்கிற சேதமே போதும்.

தெளிவாகப் பார்க்க நல்ல வழி உண்டு. உச்சி வெயிலில் போகாதீர்கள், எல்லாம் தட்டையாகத் தெரியும். காலையிலோ மாலையிலோ வெயில் சாய்ந்து விழும்போது போங்கள். அல்லது ஒரு டார்ச்சைப் பாறையை ஒட்டிப் பக்கவாட்டில் பிடியுங்கள். அதுவரை வெறும் கல்லாக இருந்த இடத்தில் முதலில் ஒரு கண் தெரியும், பிறகு இன்னொன்று, கடைசியில் வாய்.

ஒரே ஒரு இடம்தான் போக முடியும் என்றால் எங்கே போவது?

முதியவர்களும் குழந்தைகளும் கூட இருந்தால் காகுவானா. சமதளம், நல்ல நிழல், நடக்கச் சிரமமில்லை.

காலில் தெம்பு இருந்தால் ரீஃப் பே. மலைச் சாலையிலிருந்து காட்டு வழியே இறங்க வேண்டும். இறங்குவது சுலபம், திரும்பி ஏறுவதுதான் மூச்சு வாங்கும், தண்ணீர் நிறைய எடுத்துக்கொள்ளுங்கள். மழைக்குப் பிறகு ஓரிரு நாள் கழித்துப் போவது நல்லது. மடு நிரம்பியிருக்கும், சேறும் தெளிந்திருக்கும். போனதும் கேமராவை எடுத்துவிடாதீர்கள். எதிர்ப்பாறையில் உட்கார்ந்து, நீர் அசைவு அடங்கும்வரை கொஞ்ச நேரம் பேசாமல் இருங்கள்.